ஓய்வுக்குப் பிறகு நாயோடு வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் பெரியவர்கள் இருவரும் ஒன்றிரண்டு நாய்களுமாக வாழும் தம்பதிகள் வழக்கமாகக் கேட்பவை இங்கே. எல்லாம் தமிழ்நாட்டு வெயிலையும் வீட்டு அமைப்பையும் வைத்துச் சொல்லப்பட்டவை. சாப்பாட்டு அளவுகள் 18 முதல் 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, நடுவயது நாட்டு நாய்க்கானவை. உங்கள் நாய் 10 கிலோதான் என்றால் இதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

எனக்கு 66, வீட்டுக்காரருக்கு 70. இனிமேல் ஒரு குட்டி எடுத்து வளர்க்கலாமா?

நாய் வளர்க்கலாம், குட்டி வேண்டாம். நாயின் ஆயுள் சராசரியாக 12, 13 வருடம். அது கிழடாகித் தூக்கிவிட ஆள் தேடும் நேரத்தில் உங்களுக்கு எண்பது நெருங்கியிருக்கும். அதைவிட முக்கியம் முதல் ஆறு மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும், ராத்திரியும் சேர்த்து. பல் விழுந்து முளைக்கும் நாலாம் மாதத்திலிருந்து வேட்டி நுனி, புடவைக் கரை, கணுக்கால் எதையும் விடாது. காலுக்குள் ஓடும் குட்டியைத் தாண்டப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிவது நடக்காத விஷயமில்லை.

நாலிலிருந்து ஆறு வயதுக்குள் உள்ள, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயாக மீட்பு மையத்தில் கேளுங்கள். அதன் குணம் அந்த வயதில் தெரிந்துவிடும். ஒத்துக்கொள்வதற்கு முன் இருவரும் ஆளுக்கு இருபது நிமிடம் பிடித்து நடந்து பாருங்கள். ஒருவர் மட்டும் நடந்து பார்த்துவிட்டு வராதீர்கள். அவருக்கு ஜுரம் வரும் நாளில் இன்னொருவர்தான் நடத்த வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். பரவாயில்லையா?

அழகான நாய்கள்தான். ஆனால் ஓடி வேட்டையாடுவதற்காகவே வளர்க்கப்பட்ட இனங்கள். முயலையோ பூனையையோ கண்டால் பாயும் வேகத்தில் மூட்டு வலிக்காரர் கையில் கயிறு நிற்காது. தோட்டமும் உயர்ந்த சுற்றுச்சுவரும் இருந்து, ஓட்டிவிட இளவட்டம் யாராவது தினமும் வந்தால் யோசிக்கலாம். லாப்ரடார் சாதுதான், ஆனால் 30 கிலோ. அந்த 30 கிலோவைக் காரிலோ ஆட்டோவிலோ தூக்கி ஏற்றப்போவது யார் என்பதுதான் கேள்வி. ஹஸ்கி நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம்.

ஒன்று போதுமா, துணைக்கு இரண்டு வேண்டுமா?

ஒன்றே போதும். வீட்டில் நாள் முழுக்க ஆள் இருக்கும்போது நாய்க்குத் தனிமை என்ற பிரச்சினை இல்லை. இரண்டாவது கட்டாயம் வேண்டுமென்றால் ஆணும் பெண்ணுமாக, இரண்டுக்கும் கருத்தடை செய்து, மூன்று வயதாவது இடைவெளி விட்டு எடுங்கள். இரண்டும் ஒரே வருடத்தில் கிழடானால் செலவும் அலைச்சலும் ஒன்றாக வந்து சேரும். சாப்பாட்டுத் தட்டுகளைத் தனித்தனி அறையில் வையுங்கள். சண்டை மூண்டால் நடுவே கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றுங்கள், அல்லது நாற்காலியைக் குறுக்கே தள்ளுங்கள்.

ஒரு வாரம் எப்படி ஓடும்? என்னென்ன வேலை இருக்கும்?

தினசரி வேலை குறைவுதான்: இரண்டு நடை, இரண்டு வேளைச் சாப்பாடு, இரண்டு முறை தண்ணீர் மாற்றுவது, ராத்திரி உண்ணி பார்ப்பது. மற்றதை வாரத்தின் நாட்களுக்குப் பிரித்துவிட்டால் மறக்காது. ஞாயிறு கறிக்கடைக்குப் போகும்போதே நாய்க்கும் சேர்த்து வாங்கி, அன்றைக்கே வேகவைத்துப் பங்கு பிரித்துவிடலாம். செவ்வாய் அன்று சீப்பு. புதன்கிழமை படுக்கைத் துணியையும் கோணிச் சாக்கையும் வெந்நீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவது. வெள்ளிக்கிழமை எப்படியும் வீடு கழுவுவீர்கள்; மூலை முடுக்கு, கட்டிலடி, ஜன்னல் கட்டை ஆகியவற்றில் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை உடம்புச் சோதனை.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெள்ளையான இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். காதை மோந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை. பாத விரலிடுக்கு, வாலடி, வயிற்றுத் தோல் எல்லாவற்றையும் கையால் தடவுங்கள். விலா எலும்பு தடவினால் தெரிய வேண்டும், தள்ளி நின்று பார்த்தால் துருத்தக் கூடாது. எடையைப் பார்க்க, ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறுவது இந்த வயதில் ஆபத்து. அதற்கு மாதம் ஒருமுறை கால்நடை மருத்துவமனைத் தராசு போதும். பார்த்ததை காலண்டர் தாளிலேயே இரண்டு வார்த்தை எழுதிவையுங்கள். 'தண்ணீர் அதிகம்', 'இடது முன்கால் நொண்டல்' என்ற குறிப்பே டாக்டரிடம் பாதி வேலையை முடித்துவிடும்.

குளிப்பாட்டுவது வாரக் கணக்கில் வராது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நாய் ஷாம்பு போட்டு, வெயில் உள்ள காலையில். நமது சோப்பு அதன் தோலை வறட்டிவிடும்.

காலை நடைக்கு எது சரியான நேரம்?

சித்திரை, வைகாசியில் ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் தார் ரோடு ஆறுவதற்கு ஏழு மணிகூட ஆகும். புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள்; உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துவிடும்.

தூரத்தைக் கணக்கிடாதீர்கள். நாய் மோந்து பார்த்துக்கொண்டே நடக்கும் இருபத்தைந்து நிமிடம், அவசரமாக இழுத்துக்கொண்டு போகும் ஒரு மணி நேரத்தைவிட அதைக் களைப்பாக்கும். முழங்கால் வலிக்காரருக்கும் அதுவே நல்லது.

நாய் இழுக்கிறது. விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதுதான் பெரிய தப்பு. நாய் பாய்ந்தால் கயிற்றை விட முடியாமல் ஆளும் சேர்ந்து விழுவார். உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள், தேவைப்பட்டால் விட்டுவிடலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பின் முன்பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் வார்) போட்டால், இழுக்கும்போது நாய் தானே பக்கவாட்டில் திரும்பிவிடும். விரல் இரண்டு நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். சுருண்டு நீளும் கயிறு வேண்டாம், ஒன்றரை மீட்டர் பட்டைக் கயிறு போதும். ரப்பர் செருப்பில் போகாதீர்கள், பின்பக்கம் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தனியாக நடத்த வேண்டாம். சின்ன விழுகைகூட உள்ளே ரத்தக் கசிவாகலாம். இரண்டு நாயை ஒரே ஆள் பிடிப்பதும் கூடாது.

தெருநாய் கூட்டம் வந்தால் ஓடாமல், நாயைத் தூக்காமல், திரும்பி மெதுவாக நடங்கள். கையில் குடையோ தடியோ இருந்தால் நடுவே நீட்டினாலே போதும், அடிக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு என்ன, எவ்வளவு போடுவது?

வெந்த சாதம் 350 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 200 கிராம், முட்டை ஒன்று, வெந்த காய் 100 கிராம். மொத்தம் 900 கலோரி சொச்சம் வரும். இதைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரியுங்கள். காய் என்றால் பரங்கிக்காய், கேரட், பீன்ஸ், சுரைக்காய். ஒரு சிட்டிகை மஞ்சள் போடலாம். மிளகாய், மசாலா, வெங்காயம் கூடாது.

மூன்று நாளுக்குச் சேர்த்துச் செய்ய, எலும்பில்லாத பச்சைக் கோழி 800 கிராம், அரிசி 375 கிராம், காய் 300 கிராம் எடுங்கள். கோழியை முதலில் வேகவைத்து எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே அரிசியையும் காயையும் குக்கரில் நாலு விசில் விடுங்கள். ஆறியதும் ஆறு டப்பா. ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஈரல் வாரம் ஒருமுறை 50 கிராம் போதும், அளவு மீறினால் வைட்டமின் ஏ கூடிவிடும்.

வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது சுண்ணாம்புச் சத்து. கோழிக் கறியில் அது மிகக் குறைவு. முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துத் தினமும் அரைத் தேக்கரண்டி கலந்துவிடுங்கள். கடையில் வாங்கும் உலர் தீனி மட்டும் போடுபவர்களும் சிறுநீரகக் கோளாறுள்ள நாய் வைத்திருப்பவர்களும் இதைச் சேர்க்கக் கூடாது. துத்தநாகம் போன்ற மற்ற சத்துகளுக்கு டாக்டர் எழுதித்தரும் பொடி தேவைப்படும். இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாமென்றால் ஒரு வேளை உலர் தீனி, ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு. அதுதான் பல வீடுகளில் நீடித்து நடக்கிறது.

வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. தயிர் சாதம் போதாதா?

போதாது. வயிறு நிறையும், தசை கரையும். முட்டைக்குச் சம்மதமென்றால் நாளைக்கு இரண்டு முட்டை, கூடவே உலர் தீனி. அதற்கும் சம்மதமில்லை என்றால் சைவத்திலேயே சமச்சீராகத் தயாரித்த உலர் தீனி கிடைக்கிறது. தயிரை இரண்டு கரண்டி மேலே ஊற்றிக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் மட்டும் கறியை நிறுத்தும் வீடுகளில் முதல் தேதியே நாய்க்கு வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். காரணம் திடீர் மாற்றம். ஆவணி கடைசி வாரத்திலேயே பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி ஏழு நாளில் மாற்றுங்கள். ஐப்பசியில் திரும்பும்போதும் அப்படியே.

அளவாகத்தான் போடுகிறோம், ஆனாலும் குண்டாகிக்கொண்டே போகிறது.

பிஸ்கட். காலையில் காபியோடு ஐயா மூன்று மேரி பிஸ்கட் போடுவார், அது அம்மாவுக்குத் தெரியாது. நாலு மணிக்கு அம்மா போடும் மூன்று ஐயாவுக்குத் தெரியாது. நடுவே தோசை ஓரம், அப்பளத் துண்டு. ஆறு பிஸ்கட் என்பதே 130 கலோரிக்கு மேல், நாளின் தேவையில் ஏழில் ஒரு பங்கு. காலையில் ஒரு சின்ன டப்பாவில் அன்றைய தின்பண்டத்தைப் போட்டு மேஜைமேல் வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், நாய் எப்படிப் பார்த்தாலும்.

எதெல்லாம் விஷம்?

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட். பாயசத்தை வழித்துப் போடும்போது திராட்சையை மறந்துவிடுவோம். சமைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

உங்கள் வயது வீட்டில் இன்னும் இரண்டு ஆபத்துகள் கூடுதல். சர்க்கரை நோயாளிக்கென்று விற்கும் சர்க்கரையில்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும்; நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரமே அதல பாதாளத்துக்கு இறக்கும். இன்னொன்று மாத்திரை டப்பா. கட்டிலருகே ஸ்டூலில் வைத்தால் நாய்க்கு அது கிலுகிலுப்பை. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், பிரஷர் மாத்திரை எதை விழுங்கினாலும் அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நாய் நொண்டுகிறது என்று உங்கள் வலி மாத்திரையில் பாதியைக் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

உண்ணி ஒழியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

நாயை மட்டும் கவனித்தால் ஒழியாது. உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்ததும் விழுந்து, சுவர் விரிசலுக்குள்ளும் கதவு நிலை இடுக்கிலும் புகுந்து தோலுரித்து, மறுபடி பசியோடு வரும். ரத்தம் குடித்துச் சுண்டைக்காய் மாதிரி உப்பிய சாம்பல் நிறப் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது மேல்நோக்கி ஏறும் பூச்சி. அதனால் தரையை மட்டும் துடைத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் பார்க்காமல் விட்டால், எள் சிந்தியது போல் குஞ்சு உண்ணிகள் சுவரில் வரிசை கட்டி நிற்கும்.

நாய்க்கு வாய்வழி மாத்திரைதான் இப்போது நம்பகமானது. மாதம் ஒன்று கொடுப்பதும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்றும் உண்டு. எடைக்கு ஏற்ற அளவு. வலிப்பு வரும் நாயென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதன் உடம்பில் ஏறும். ஆகவே மாத்திரை கொடுத்த பிறகும் ஒன்றிரண்டு கண்ணில் படும், பயப்பட வேண்டாம். வீட்டில் விரிசல்களை வெள்ளை சிமென்ட் வைத்து அடையுங்கள். பூச்சிமருந்து அடிப்பவரைக் கூப்பிட்டால் இரண்டு மூன்று வாரம் விட்டு இரண்டாம் முறையும் அடிக்கச் சொல்லுங்கள், முதல் முறையில் முட்டை சாகாது. அடிக்கும் அன்று நீங்களும் நாயும் வெளியே. பூனை உள்ள வீடென்றால் பெர்மெத்ரின் வகை மருந்து கூடாது.

கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை முகம் திருத்தும் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். கண் மங்கலானவர் மருவை உண்ணி என்று பிடுங்கிவிடுவதுண்டு; உண்ணிக்குக் கால் இருக்கும், போனில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இழுங்கள்.

உண்ணி கடித்த நாய்க்கு ஜுரம், சாப்பாட்டில் வெறுப்பு, மூக்கில் ரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளி, வெளுத்த ஈறு, காபி நிறச் சிறுநீர் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் வகையில் அதிகம் வருவதற்கு டாக்ஸிசைக்ளின் சுமார் 28 நாள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாளே துள்ளிக் குதிக்கும். நிறுத்தினால் திரும்பி வரும்.

தடுப்பூசி, உரிமம் எல்லாம் அவசியமா? வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது.

அவசியம். ரேபிஸ் ஊசி வருடம் ஒருமுறை. பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ ஆகிய நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியும் வருடம் ஒருமுறை. லெப்டோ எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் பரவுவது, மனிதருக்கும் வரும். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் உரிமம் வாங்குங்கள். சென்னையில் இணையம் வழியே விண்ணப்பிக்கலாம், ரேபிஸ் சான்று கட்டாயம் கேட்பார்கள். செலவு கையைக் கடிக்கும் பெரிய சிகிச்சைகளுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் போய் டோக்கன் வாங்க வேண்டும்.

விளையாடும்போது பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. நம்ம நாய்தானே?

நம்ம நாயானாலும் முதலில் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். பிறகு அரசு மருத்துவமனை. தோலில் போடும் ரேபிஸ் ஊசி என்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாள். தசையில் போடுவதென்றால் 14ஆம் நாளும் சேரும். தெருநாய் கடித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும், ரேபிஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி பற்றியும் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கடிகாயம் சீழ் பிடிப்பது சுலபம், அதையும் சொல்ல வேண்டும்.

கருத்தடை செய்யாத பெண் நாய் இருக்கிறது. வயது எட்டு. இனிமேல் எதற்கு?

கருப்பையில் சீழ் பிடிக்கும் என்பதற்காக. சூட்டுக்கு வந்துபோன ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீர் நிறையக் குடிப்பது, சோர்வு, வாந்தி, சில சமயம் பின்பக்கம் கெட்ட வாடையோடு கசிவு. கசிவு இல்லாமல் உள்ளேயே தேங்குவதுதான் இன்னும் ஆபத்து. அது ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாத கேஸ். எட்டு வயதில் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தாராளமாகக் கருத்தடை செய்யலாம்.

வயதான நாய் டைல்ஸில் வழுக்கி விழுகிறது.

படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை, அங்கிருந்து வாசல்வரை, அடியில் ரப்பர் உள்ள மிதியடிகளைப் பாதைபோல் போடுங்கள். ஓரம் சுருண்ட பழைய பாய் வேண்டாம், அதில் உங்கள் கால்தான் தடுக்கும். பாதத்தின் அடியில் வளர்ந்த முடியைக் கத்தரியுங்கள். நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் நீளமாகிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு நகத்தை ஒரு மில்லிமீட்டர் வீதம் நறுக்குங்கள், ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளோர் வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்: நாய்க்கும் உதவும், பாத்ரூம் போக எழும் நீங்களும் இருட்டில் அதை மிதிக்க மாட்டீர்கள்.

மதியம் வெயிலில் மூச்சிரைத்து எச்சில் கொட்டினால்?

நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, பாதமெங்கும் ஊற்றி, ஃபேன் போடுங்கள். ஐஸ் வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். ஆசனவாய் வெப்பநிலை இயல்பாக 101 முதல் 102.5 டிகிரி; 104ஐத் தாண்டினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

தீபாவளிக்கு என்ன செய்வது?

அந்த வாரம் முழுக்க மாலை நடையை நாலரைக்கே முடியுங்கள். ஜன்னல் குறைந்த அறையில் படுக்கை, ஃபேன், டிவி சத்தம். கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். கழுத்துப் பட்டையில் போன் எண் இருக்கட்டும், வெடிக்கு மிரண்டு ஓடும் நாய்கள் அதிகம். பயம் கடுமையாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும் மயக்க மாத்திரை பயத்தைக் குறைக்காது, பயத்தைக் குறைக்கும் மருந்தையே கேளுங்கள்.

பேரக்குழந்தை பிறக்கப்போகிறது, ஆறு மாதம் வெளிநாடு போக வேண்டும். நாயை எங்கே விடுவது?

ஆறு மாதத்தைத் தங்கும் விடுதியில் கழிக்கவைப்பது கடைசி வழி. வீட்டிலேயே வந்து தங்கும் உறவுக்காரர் அல்லது நாயை அறிந்த வேலையாள் முதல் வழி. முடிந்தால் ஒருவர் முன்னே போய், மற்றவர் பின்னே போய், நடுவில் வெற்று நாட்களைக் குறையுங்கள். எதுவானாலும் கிளம்ப ஒரு மாதம் முன்பே இரண்டு நாள் ஒத்திகை விட்டுப் பாருங்கள். சாப்பிடாமல் படுத்தால் வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.

ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: சாப்பாட்டு அளவு, மாத்திரை, டாக்டர் எண், பகலில் முடியாவிட்டால் ராத்திரி எந்த மருத்துவமனை, எவ்வளவு வரை கேட்காமல் செலவு செய்யலாம். இந்தக் கடைசி வரி இல்லாததால்தான் அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு போன் எடுக்கும்வரை இங்கே சிகிச்சை நிற்கிறது. உங்களில் ஒருவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் இதே தாள் உதவும்.

பிற்காலத்துக்கும் இப்போதே ஒருவரைக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். நாய் பெயரில் உயில் எழுத முடியாது; வளர்க்கப்போகிறவர் பெயரில் இன்ன காரியத்துக்கென்று ஒரு தொகை எழுதலாம், வக்கீல் சொல்லித்தருவார்.

ரயிலில் கூட்டிப்போகலாமா?

ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபேயோ நாலு படுக்கை அறையோ முழுதாக உங்களுக்கே கிடைத்தால் கூடவே போகலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே பதிவு செய்து, தடுப்பூசிச் சான்றும் உடல்நலச் சான்றும் காட்ட வேண்டும். வெயில் காலத்தில் கூண்டில் அனுப்ப வேண்டாம்.

அபார்ட்மென்டில் நாய் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

வளர்ப்பு நாய் வைத்துக்கொள்வதற்குச் சங்கம் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. அதன் நகலையும் தடுப்பூசிச் சான்று, உரிம நகலையும் சேர்த்துச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆனால் வாய்ச் சண்டை பெரும்பாலும் தீர்மானத்தால் வருவதில்லை, படிக்கட்டில் கிடக்கும் கழிவால் வருகிறது. நடைக்குப் போகும்போது பழைய செய்தித்தாள் இரண்டு தாள், ஒரு பை, ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். லிஃப்டில் யாராவது தயங்கினால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். பகல் தூக்க நேரத்தில் பால்கனியில் நின்று குரைக்கிறது என்ற புகார் வந்தால், பால்கனிக் கம்பியின் கீழ்ப்பாதியை நாயின் கண் உயரத்துக்குத் தட்டியால் மறைத்துவிடுங்கள். தெரு தெரியாவிட்டால் குரைப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.